கயத்தான் அச்சு மாற்றிய ஏழு நிமிஷம்

ஆரோக்கிய ராணி என்ற தோணி வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு ஒன்பது ஆட்களோடு மாலத்தீவுக்குப் புறப்பட்டுப் போன செவ்வாய்க்கிழமை மதியம், வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிய சைக்கிள் மெக்கானிக் கயத்தான், காலையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்த மகனுடைய பழைய பி.எம்.எக்ஸ். சைக்கிளின் பெடல்கள் தாமாகவே சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பார்த்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார், பஞ்சர் ஒட்ட வந்தவருக்கு ஒட்டிக் கொடுத்தார், இத்தனையும் முடிந்த பிறகும் பெடல்கள் நிற்பதாகத் தெரியாததால் வீட்டுக்கு ஆள் அனுப்பி மனைவியை வரச் சொன்னார்.

பிலோமி ஈரக் கையோடு வந்தாள். பெடலைப் பார்த்தாள், பின்சக்கரம் சுற்றுவதைப் பார்த்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெமிதான் மிதிக்கான். அவன் மிதிச்சா வலது கால்ல அழுத்தம் கூட இருக்கும். பாருங்க, அந்தப் பக்கம் வரும்போது விசையா வருது" என்றாள்.

கயத்தானுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ரெமி அவர்களுடைய ஒரே மகன், பத்தொன்பது வயது. தோணியில் பண்டாரி வேலைக்கு, அதாவது ஒன்பது பேருக்கும் சோறு பொங்கிப் போடுகிற வேலைக்கு, முதல் தடவையாகக் கடலேறியிருந்தான். பத்து வயதில் வாங்கிக் கொடுத்த அந்தக் குட்டிச் சைக்கிளை அவன் விட்ட பாடில்லை. முழங்கால் இரண்டும் கைப்பிடியில் இடிக்க இடிக்க அன்று காலையிலும் அதில்தான் துறைமுகத்துக்குப் போனான், கூடவே நடந்துபோன அப்பாவிடம் அதை ஒப்படைத்துவிட்டு, "யப்பா, அச்சு ஆடுது. நான் வாரதுக்குள்ள மாத்தி வைங்க" என்று சொல்லிவிட்டுத் தோணியில் ஏறினான்.

இரண்டு பெடல் கைகளையும் சைக்கிளின் வயிற்றுக்குள் சேர்த்துப் பிடிக்கிற விரல் தடிமன் இரும்புக்குத்தான் அச்சு என்று பெயர். புது அச்சு ஒன்றைக் கயத்தான் மதுரையிலிருந்து வரவழைத்து ஒரு மாதமாகவே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி மேஜை இழுப்பில் வைத்திருந்தார். நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் மகன் கடலேறிய அன்றைக்குத்தான் சைக்கிளைக் கவிழ்த்தார், கவிழ்த்ததும் பசித்ததால் சாப்பிட்டுவிட்டு வந்து செய்யலாம் என்று போனார். ஊரார் சைக்கிளுக்கெல்லாம் அரை மணி நேரத்தில் வேலை முடிக்கிற மனிதர் சொந்தப் பிள்ளை சைக்கிளுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டதை என்னவென்று சொல்ல.

புதன்கிழமை மாலைக்குள் பாய்மரத் தெருவில் சேதி பரவி, தோணியில் போன ஒன்பது பேர் வீட்டிலிருந்தும் பெண்கள் வந்து பார்த்துவிட்டார்கள். தோணியை நடத்துகிற தண்டலின் மனைவி சலேத்து கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, எஞ்சின் ஓடுகிறது, தோணி போகிறது, பெடல் சுற்றுகிறது என்று தீர்ப்புச் சொன்னாள், அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை. கோயில் மண்டபத்திலிருந்து நான்கு பெஞ்சுகள் வந்தன. டீக்கடைக்காரர் பெரிய பிளாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தார். பெண்கள் ஜெபமாலையைப் பெடலோடு இணைத்துக்கொண்டார்கள், பத்துச் சுற்றுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே என்று கணக்கு, கடல் அமைதியாக இருக்கும்போது ஜெபம் நிதானமாகவும் பெடல் வேகமெடுக்கும்போது மூச்சு வாங்கவும் நடந்தது. பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்து, தப்பொன்றுமில்லை, ஆனால் கிரீஸ் இருக்கிற இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். துறைமுகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், எந்தப் படிவத்திலும் இதை எழுத இடமில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். பிள்ளையின் பரீட்சை முடிவையும் மாட்டுக்கு வந்த நோயையும் பற்றிப் பெடலிடம் கேட்க வந்தவர்களைக் கயத்தான் விரட்டிவிட்டார்.

உட்காருகிற இடத்தில்தான் சச்சரவு வந்தது. செயின் இருக்கிற பக்கத்திலிருந்து பார்த்தால் பெடல் கடிகார முள் போல வலமாகச் சுற்றியது, எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் அதே பெடல் இடமாகச் சுற்றியது. வலமாகச் சுற்றினால் தோணி போகிறது, இடமாகச் சுற்றினால் திரும்பி வருகிறது என்று எப்படியோ ஒரு பேச்சுக் கிளம்பி, கடையின் ஒரு பாதி போற பக்கம், மறு பாதி வார பக்கம் என்று ஆகிவிட்டது. ரெண்டும் ஒரே சுற்றுதான் என்று கயத்தான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நான்கு நாளில் மாலத்தீவு போய்ச் சேர வேண்டும் என்பதால் நான்கு நாளும் எல்லோரும் ஒழுங்காகப் போற பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் ஏஜெண்ட் ஆபீஸ் கிளார்க் மச்சாது வந்து, தோணி அங்கே போய்ச் சேரவில்லை என்றார். இரண்டாம் நாளிலிருந்தே அதன் வயர்லெஸ் பேசவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு, நெருக்கியடித்து வார பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். போற பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

தேடப் போன கப்பல் ஒன்றும் காணாமல் திரும்பியது. அந்த ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தப் பெடல்தான். ஆறாம் நாள் மச்சாது அதை நம்பாமல், நல்ல மனுஷர்தான், ஆனால் படித்தவர், "காத்து கீத்து அடிச்சுச் சுத்தும்" என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பெடலைக் கெட்டியாகப் பிடித்துவிட்டார். பெடல் அவர் கைக்குள் முட்டியது. ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுகிற நேரம் பிடித்திருப்பார், அதற்குள் பெண்கள் அலறிய அலறலில் கையை விட்டார். பெடல் மறுபடியும் சுற்றியது. ஆனால் அந்த ஒரு ஜெப நேரத்தில் கடலில் என்ன நடந்ததோ என்ற நினைப்பு மச்சாதுவைப் பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து அவர் ஆபீசுக்குப் போகாமல் கடையின் மூலையில் வந்து உட்கார்ந்தார், கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார்.

ஒன்பதாம் நாள் அச்சு பேச ஆரம்பித்தது. சுற்றுக்கு ஒரு தடவை, டக். பெண்களுக்கு அது புரியவில்லை, கயத்தானுக்குப் புரிந்தது. காதை வைத்துக் கேட்டார், டக் என்ற இடத்தில் துருத்தூள் காப்பிப்பொடி மாதிரி உதிர்ந்து கிடந்ததைத் தொட்டுப் பார்த்தார். அச்சில் கீறல் விழுந்து அது வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த அச்சு அவர் கையால் செய்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் குட்டிச் சைக்கிளின் அச்சுத் தேய்ந்தபோது அந்த அளவு ஊரில் எங்கும் கிடைக்கவில்லை என்று, வாடகைச் சைக்கிளின் நீள அச்சை வெட்டிச் சுருக்கி, பழுக்கக் காய்ச்சி, உறுதியேற்றினார். பட்டறைக்காரர்கள் அதை எண்ணெயில் தோய்ப்பார்கள். இவருக்கு எண்ணெய் தேடப் பொறுமையில்லை, மீன் ஊறப்போட பிலோமி வாளியில் வாங்கி வைத்திருந்த உப்பளத்துத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதிலேயே முக்கிவிட்டார். உப்புத் தண்ணீரில் முக்கினால் இரும்பு பாறையாக இறுகும், இறுகும்போதே உள்ளுக்குள் மயிரிழைக் கீறலும் விடும். இது தெரியாமலா செய்தார்? தெரிந்துதான் செய்தார், சின்னப் பையன் ஓட்டுகிற சைக்கிள்தானே, தாங்கும் என்று செய்தார். இப்போது அந்தக் கீறலில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

பதினோராம் நாள் காலையில் செயின் வட்டு ஆடி ஆடிச் சட்டத்தில் உரசத் தொடங்கியதும் அவரால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"இது இன்னைக்கோ நாளைக்கோ ஒடிஞ்சிரும். நிறுத்தி மாத்தணும்" என்றார்.

"நிறுத்தவா?" என்று சலேத்து எழுந்தாள். "என்ன பேசுதீரு கயத்தான் அண்ணே! நடுக்கடல்ல எஞ்சின் நின்னா தோணி அலைக்குக் குறுக்க விழுந்துரும். எவ்வளவு நேரம் ஆவும் உமக்கு?"

"ஏழு நிமிஷம்."

"ஏழு நிமிஷமா? மாதாவே!"

"மாத்தாட்டா தானா ஒடியும் சலேத்து. அது ஒடியும்போது உன்கிட்டயும் என்கிட்டயும் கேட்டுக்கிட்டா ஒடியும்?"

ஏழு நிமிஷம் என்று அவர் சும்மா சொல்லவில்லை. ஒன்பதாம் நாளிலிருந்து இன்னொரு குட்டிச் சைக்கிளை வைத்து, மச்சாதுவின் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து, அச்சைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் பழகியிருந்தார். முதலில் பதினொன்று ஆனது, பிறகு ஒன்பது, கடைசியில் ஏழு. அதற்குக் கீழே அவரால் கொண்டுவர முடியவில்லை. அச்சில்லாமல் பெடல் சுற்ற வழியில்லை, அதையும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டார்.

வேண்டாம் என்றால் ஒடிந்த பாவம், சரி என்றால் நிறுத்திய பாவம், இரண்டில் எதை ஏற்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் சலேத்து, "பாய் ஏத்தியிருந்தா எஞ்சின் நின்னாலும் கொஞ்ச நேரம் தாங்கும். நிறுத்தப் போறோம்னு அவங்களுக்கு யாரு சொல்ல?" என்றாள்.

பிலோமிதான் அதற்கு வழி சொன்னாள். சின்ன வயதில் ரெமி தெருவெல்லாம் சைக்கிளில் சுற்றும்போது சாப்பிடக் கூப்பிடுவதற்குக் கயத்தான் வாய் திறந்து கத்துவதில்லை, ஸ்பேனரால் கடை இரும்புத் தூணில் மூன்று தட்டுத் தட்டுவார். எங்கே இருந்தாலும் மிதிப்பதை நிறுத்திவிட்டு வந்து நிற்பான். "அந்த மூணு தட்டைச் சைக்கிள்லயே தட்டுங்க. அவனுக்குக் கேக்கும். ஆனா அவன் மிதிக்கும்போதுதான் தட்டணும், வேற ஆளுக்கு அது வெறும் சத்தம்" என்றாள்.

வேற ஆளா, எஞ்சினை யார் மிதிக்கிறார்கள் என்று சலேத்து முகத்தைச் சுளித்தாள். பெற்றவள் மனசு என்று விட்டுவிட்டார்கள்.

பிலோமி தரையில் உட்கார்ந்து பெடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை பத்து மணிக்குப் பார்த்து, "இது அவன் இல்ல" என்றாள். பதினொன்றுக்கும் அவன் இல்லை. டக், டக் என்ற சத்தம் இப்போது தெரு முனைவரை கேட்டது, எதிர் வரிசைக் கடைகளில் பேச்சு நின்றுபோயிருந்தது, கயத்தானுக்கு உள்ளங்கை வேர்த்து வேர்த்து ஸ்பேனர் வழுக்கியது. கைகளை மரத்தூளில் புரட்டித் துடைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். மாதாவே, ஒரு மாதம் இழுப்பில் கிடந்ததே என்ற ஒன்றைத் தவிர வேறு ஜெபம் அவருக்கு வரவில்லை.

பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில் பெடல் ஒரு கணம் தயங்கி மறுபடியும் எடுத்தது, வலது பக்கம் வரும்போது விசையாக வந்தது.

"இப்பம்" என்றாள் பிலோமி.

கயத்தான் சட்டத்தில் மூன்று தட்டுத் தட்டினார்.

பெடல் இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் மெதுவானது. பிறகு நின்றது. பதினோரு நாளாகச் சுற்றிக்கொண்டிருந்த பின்சக்கரம் மட்டும் தன் பாட்டுக்குக் கொஞ்ச நேரம் கிறுகிறுத்து அதுவும் நின்றது. கடையில் ஒரு பெண் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

மச்சாது நேரத்தைச் சொல்லத் தொடங்கினார். பெடல் கைகளை அச்சோடு பூட்டுகிற காட்டர் ஆணி இரண்டில் வலது பக்கத்து ஆணி முதல் அடியிலேயே கழன்றது. இடது பக்கத்து ஆணி துருவேறி அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் அடித்து, "ரெண்டு நிமிஷம்" என்று மச்சாது சொல்ல, இன்னொரு அடி கொடுத்தபோது ஆணியோடு அச்சும் சேர்ந்து ஒடிந்து பாதி அவர் கையோடு வந்தது. ஒடிந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் பார்த்துவிட்டார். முழுக்கப் பழைய கறுப்புத் துரு, ஓரத்தில் ஒரு அரிசி அளவுக்கு மட்டும் பளபளவென்று புது இரும்பு. அந்த அரிசி அளவில்தான் காலையிலிருந்து எல்லாம் நின்றிருந்தது.

புது அச்சில் கிரீஸைத் தடவி, பக்கத்துக்குப் பதினோரு பேரிங் குண்டு என்று பதிக்கும்போது ஒரு குண்டு நழுவி உருண்டு ஓடியது. "அஞ்சு." எல்லோரும் குனிந்து தேடினார்கள், சலேத்துதான் அதைக் காலால் மிதித்து நிறுத்தி, எடுத்து, சேலையில் துடைத்து அவர் கையில் வைத்தாள். "ஆறு." அச்சு உள்ளே போனது. குண்டுகளை மூடுகிற கிண்ணத்தைத் திருகி இறுக்கினார், வலது பெடல் கையை மாட்டினார். "ஏழு" என்று சொன்ன மச்சாது எட்டைச் சொல்லவே இல்லை. கடைசி ஆணியை அடித்து முடித்தபோது ஒன்பதுக்குப் பக்கத்தில் ஆகியிருந்தது.

கயத்தான் மூன்று தட்டுத் தட்டினார். பெடல் அசையவில்லை.

இன்னொரு தடவை தட்டினார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரோ அருள் நிறைந்த மரியேயைத் தொடங்கினார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. தன் பிள்ளையையும் எட்டு வீட்டுப் பிள்ளைகளையும் தன் கையால் நிறுத்திவிட்டோம் என்று கயத்தானுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, இனி இந்தக் கடையை விட்டு எழுந்து எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்று கூட அவர் யோசித்துவிட்டார்.

ஐந்தாவது ஜெபத்தில் பெடல் சுற்றியது. சுற்றியதா, பேய் பிடித்தது மாதிரிச் சுற்றியது. பதினோரு நாளில் ஒருபோதும் இல்லாத வேகம், சக்கரம் கிளப்பிய காற்றில் சுவரில் தொங்கிய காலண்டர் படபடத்தது. யாரும் சந்தோஷப்படவில்லை. எதற்கு இந்த வேகம் என்று தெரியாமல் பயந்துபோய்ச் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள், இருட்டுகிற நேரத்தில்தான் அது பழைய நிதானத்துக்கு வந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, யாரும் தொடாமல், யாரும் தட்டாமல், பெடல் தானாக நின்றது.

ஒரு நிமிஷம் பார்த்தார்கள். பிறகு சலேத்து தலைமுடியை அவிழ்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள், ஒன்பது வீட்டுப் பெண்களும் சேர்ந்து எழுப்பிய ஒப்பாரியில் தெருவில் கடைகளைச் சாத்தினார்கள். கயத்தான் அழவில்லை. புது அச்சைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது, ஆட்டம் இல்லை, அவர் வேலையில் குறை இல்லை. அதனால் ஆறுதல் ஒன்றும் வரவில்லை. அந்த ஒப்பாரிக்கு நடுவில்தான் பெடல் நின்றதும் துறைமுகத்துக்கு ஓடியிருந்த மச்சாது திரும்பி வந்து வாசலில் நின்று, மூச்சு வாங்கி, "கரையில... கரையில கட்டுதாங்க... ஒன்பது பேரும்" என்றார். அதை நம்ப வைக்க அவர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ரெமி கறுத்து, மெலிந்து, காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்ட பிறகு அப்பாவிடம் அவன் கேட்ட முதல் வார்த்தை, "அச்சு மாத்தியாச்சா?" என்பதுதான்.

"மாத்தியாச்சு."

"தெரியும். அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல லேசாயிட்டு."

"எது லேசாயிட்டு?"

அவன் சொல்லித்தான் தெரிந்தது. எஞ்சின் இரண்டாம் நாளே ஒடிந்துவிட்டது. அதற்கு மேல் தோணி ஓடவே இல்லை, பத்து நாள் எதிர்க்காற்றில் கிடந்த இடத்திலேயே கிடந்து அலைந்திருக்கிறது. அதற்கும் முந்தி, புறப்பட்ட அன்று மதியமே அடிப்பலகை விட்டுத் தண்ணீர் உள்ளே வர, எஞ்சினில் ஓடிய தண்ணீர் இறைக்கும் பம்பு மக்கர் செய்ததால் அதைக் கழற்றி, கட்டையில் பூட்டி, கால் வைத்து மிதிக்கிற மாதிரி ரெமிதான் கட்டிக் கொடுத்திருக்கிறான். ஒன்பது பேரும் முறை வைத்து இரவும் பகலும் உட்கார்ந்து மிதித்திருக்கிறார்கள். கடைசி இரண்டு நாளில் காற்று திரும்பியதால் பாய் விரித்து வந்து சேர்ந்தார்கள்.

போற பக்கமும் இல்லை, வார பக்கமும் இல்லை. இத்தனை நாளாக எல்லோரும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது தோணி முங்காமல் இருப்பதற்கு.

"உம்ம மவனைத் திட்டாத திட்டு இல்ல" என்றார் கூட வந்திருந்த தண்டல். "மத்தியானம் மிதிச்சிக்கிட்டே இருந்தவன் திடீர்னு காலை எடுத்துட்டான். எங்கப்பா கூப்பிடுதாவ, நிறுத்தச் சொல்லுதாவங்கான். நான் மிதிக்க இறங்கப் போனா ரெண்டு கையையும் விரிச்சு மறிக்கான். தண்ணி முழங்காலுக்கு ஏறிட்டு வேய், வெங்காயம் மிதக்குது. மறுபடி தட்டுதாவன்னு சொல்லித்தான் வழி விட்டான். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா..." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "ஆறாம் நாளும் ஒரு தடவை பம்பு இறுகிக்கிட்டு, யாரோ புடிச்ச மாதிரி" என்றார். மூலையில் நின்ற மச்சாது மெதுவாக வெளியே போய்விட்டார்.

கவிழ்ந்து நின்ற சைக்கிளின் பக்கத்திலேயே கயத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு இல்லாத பயம் இப்போதுதான் முழுசாக வந்து அவர் மேல் ஏறியது. அப்பா தட்டினால் நிறுத்த வேண்டும் என்று பிள்ளை நம்பியிருக்கிறான், தண்ணீர் முழங்காலுக்கு ஏறும்போதும் நம்பிக்கொண்டே நின்றிருக்கிறான், அந்த அப்பாவோ ஏழு நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஒன்பது நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பிலோமி கடைக்கே சோறு கொண்டுவந்தாள். ரெமி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு கோயில் பெஞ்சிலேயே படுத்து, படுத்ததும் உறங்கிப்போனான். வெயில் வாசலில் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் அவரவர் ஆண்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். உறக்கத்திலேயே அவன் கால்கள் அசையத் தொடங்கின. முழங்கால் மடங்கி, நீண்டு, மடங்கி, வலது காலில் அழுத்தம் கூட.

"பாவம், காலைப் புடிச்சு விடுங்க, நல்லா உறங்கட்டும்" என்றாள் பிலோமி.

கயத்தான் எழுந்து போய் மகனின் முழங்காலை நோக்கிக் கையை நீட்டினார். தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது, பெடலைப் பிடித்து நிறுத்திய மச்சாதுவின் நினைவு வந்தது. கையை இழுத்துக்கொண்டார். பிலோமியிடமிருந்து ஜெபமாலையை வாங்கி, பெஞ்சின் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து, பத்துச் சுற்றுக்கு ஒரு மணி என்று உருட்டிக்கொண்டு, அந்தக் கால்கள் தாமாக நிற்கும்வரை காத்திருந்தார்.